இரவில் அடிக்காத போன்

பகல் முழுவதும் ஒழுங்காக வேலை செய்யும் கைத்தொலைபேசி, இரவில் திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் வைஃபை இணைப்பை விட்டுவிடுகிறது. காலையில் கையில் எடுத்தவுடன் தானாகவே இணைந்துகொள்கிறது. இரவு வந்த அழைப்புகளும் செய்திகளும் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. இது பலருக்குச் சின்னத் தொந்தரவாக இருக்கலாம். ஆனால் பிள்ளையோ சகோதரியோ வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் குடும்பங்களில், அதுவும் அவர்கள் பேசக்கூடிய ஒரே நேரம் எமது நடுச்சாமமாக இருக்கும் குடும்பங்களில், இது சின்ன விடயம் அல்ல. எங்கள் வீட்டில் இது எப்படி வந்தது, என்ன செய்தோம் என்று எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒருநாள் சொன்னேன். அதை எழுதித் தரும்படி சிலர் கேட்டார்கள்.

எனது தங்கச்சி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். குவைத் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே இரவு பதினொரு மணிக்குச் சமையலறையைக் கழுவித் துடைத்துவிட்டு அவள் போனை எடுத்தால், கிளிநொச்சியில் ஒன்றரை மணி. அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு எடுப்பாள். வட்ஸ்அப்பில் அல்லது இமோவில் எடுப்பாள். சாதாரண அழைப்பு எடுக்கக் காசு போதாது.

அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. பழைய போனின் பற்றரி ஊதிப்போனதால், தவணை முறையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதன் பிறகுதான் தொடங்கியது. "உங்களுக்கு நாலுதரம் எடுத்தனான் அம்மா, ஏன் எடுக்கேல்லை?" என்று அவள் கேட்பாள். "எனக்குச் சத்தமே கேக்கேல்லை மோனை" என்று அம்மா சொல்லுவார். அம்மா அயர்ந்து நித்திரைகொண்டு விட்டார் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2009க்குப் பிறகு எங்கள் அம்மா அயர்ந்து நித்திரை கொண்டதை நான் கண்டதில்லை. முற்றத்தில் நாய் எழும்பினாலே எழும்பிவிடுவார்.

பிறகு ஒரு இரவு தங்கச்சி ஏழு தரம் எடுத்திருக்கிறாள். தன்னை அடுத்த நாள் காலை அந்த வீட்டுக்காரியின் தமக்கை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், அங்கே வைஃபை தருவார்களோ தெரியாது என்று சொல்லத்தான் எடுத்தாள். விடிய ஐந்து மணிக்கு அம்மா போனைத் தொட்டதும் ஏழு தவறிய அழைப்பும் ஒன்றாக வந்தன. நாங்கள் திரும்ப எடுத்தபோது அவளது போன் நிறுத்தப்பட்டிருந்தது. நான்கு நாட்கள் அப்படியே இருந்தது. அந்த நான்கு நாட்களும் அம்மா தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் குடிக்கவில்லை, சாப்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு அழைப்பு வராமல் இருப்பது எப்படியிருக்கும் என்று இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஐந்தாம் நாள் அவளே எடுத்தாள். நல்லாய்த்தான் இருந்தாள். புது வீட்டில் ஆட்களும் பரவாயில்லையாம்.

அன்றைக்கே போனை ரவுனுக்குக் கொண்டுபோனேன். கடையிலிருந்த தம்பி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்குச் சொப்ட்வெயார் அடிக்கோணும். பின்னேரம் வந்து எடுங்கோ" என்றார்.

"உள்ளுக்கு இருக்கிற படங்கள்?"

"அதெல்லாம் அழிஞ்சிடும். ஒண்டும் செய்யேலாது."

நான் போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் போனில் எங்கள் அண்ணாவின் படம் இருக்கிறது. மூலப்படம் இடப்பெயர்வில் போய்விட்டது. வவுனியாவில் ஒரு உறவினர் வீட்டு அல்பத்தில் கல்யாணப் படமொன்றின் ஓரத்தில் அண்ணா நிற்பதை அம்மா கண்டு, அதைப் போனால் எடுத்துக்கொண்டு வந்தவர். அண்ணா 2009இல் காணாமற்போனவர். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசியில் தொடங்கிய போராட்டத்தில் அம்மா கையில் வைத்திருந்தது அந்தப் படத்தில் வெட்டி எடுத்துப் பெருப்பித்த பிரதிதான். தங்கச்சி அனுப்பிய குரற்செய்திகளும் அந்தப் போனுக்குள்தான் இருந்தன.

ஆகவே முதலில் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். போனை யாரிடம் கொடுப்பதற்கு முன்னரும், எந்தச் செற்றிங்கைத் தொடுவதற்கு முன்னரும், அழியக்கூடாத படங்களை வேறோரிடத்தில் வைத்துவிடுங்கள். மெமரி கார்ட் போடும் போனென்றால் அதில் பிரதி எடுக்கலாம். இன்னொருவரின் போனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால், படமாக அனுப்பாமல் 'டொக்கியுமென்ட்' என்ற வழியால் அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். பிறகு ஸ்ரூடியோவில் பெரிதாக அடிக்கும்போது முகம் தெளிவில்லாமல் வரும். நாங்கள் இரண்டும் செய்தோம். அத்துடன் ஒரு பிரதி அடித்து பிளாஸ்ரிக் உறையும் போட்டோம்.

இனி பிழையைத் தேடிய கதை. எங்கள் வீட்டில் இதற்கு உதவியது உயர்தரம் படிக்கும் எனது மகன். அவனுக்கும் எல்லாம் தெரியாது. ஆனால் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

பிழை ரவுட்டரிலா போனிலா என்பதுதான் முதற் கேள்வி. எனது போனும் அதே ரவுட்டரில்தான் வேலை செய்கிறது. அது இரவில் அறுவதில்லை. எனவே ரவுட்டரை ஒருபக்கம் வைத்தோம். அடுத்ததாக, உண்மையிலேயே இணைப்பு அறுகிறதா, அல்லது இணைப்பு இருக்க மணி மட்டும் அடிக்கவில்லையா என்று பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு வட்ஸ்அப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. நாம் அனுப்பும் செய்திக்கு ஒரு சரி மட்டும் விழுந்தால் அது எமது போனை விட்டுப் போய்விட்டது, மற்றவரின் போனுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு சரி விழுந்தால் சேர்ந்துவிட்டது. அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' என்பதைப் பார்த்தால், எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்றும் இருக்கும். அன்றிரவு நான் பன்னிரண்டரைக்கு ஒன்றும் இரண்டரைக்கு ஒன்றும் அம்மாவின் போனுக்கு அனுப்பினேன். இரண்டும் சேர்ந்த நேரம் நாலு ஐம்பது. அம்மா எழும்பி மணி பார்த்த நேரம் அது.

அடுத்த இரவு அதே போனைச் சார்ஜரில் போட்டபடியே விட்டோம். அனுப்பிய உடனேயே இரண்டு சரியும் விழுந்தன. மகன் துள்ளினான். சார்ஜரில் இருக்கும்போது அறாமல், கழற்றினால் அறுகிறதென்றால், அது பற்றரியை மிச்சம் பிடிக்கப் போன் தானாகச் செய்யும் வேலை. போன் பழுதில்லை. சொப்ட்வெயார் அடிக்கத் தேவையுமில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். வைஃபை வானொலி அலையில் ஓடுவது. அந்த அலையை எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்தால் பற்றரி கெதியாகத் தீர்ந்துவிடும். அதனால் திரை அணைந்தவுடன் போன் தனது காதை மூடிக்கொண்டு, இடையிடையே மட்டும் திறந்து பார்க்கும். ரவுட்டரோ ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவையளவில் ஒரு சிறிய அறிவித்தலை விட்டுக்கொண்டே இருக்கும்: இன்னாருக்குத் தபால் வந்து கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளவும் என்பதைப் போல. போன் காது திறக்கும் நேரத்தில் அது கேட்டால் எழும்பித் தனது தபாலை எடுக்கும். எங்கள் பக்கத்து உபதபாற்கந்தோர் மாதிரித்தான். நெடுநேரம் போனிடமிருந்து ஒரு சத்தமும் வராவிட்டால், சில ரவுட்டர்கள் அந்தப் பெயரைத் தமது இடாப்பிலிருந்து வெட்டிவிடும்.

இதற்கு மேலே இன்னொரு காவலும் உண்டு. அன்ரொய்ட் போன்களில் 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து 'டோஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. கோழித்தூக்கம் என்று சொல்லலாம். சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும் போன், உள்ளே இருக்கும் செயலிகள் இணையத்தைத் தொடுவதை நிறுத்திவைக்கும். இடையிடையே கொஞ்ச நேரம் திறந்துவிட்டு மறுபடி மூடும். நேரம் போகப்போக அந்த இடைவெளியும் நீளும். மேசையில் அசையாமல் கிடக்கும் போனும் தலைமாட்டில் கிடக்கும் போனும் அதற்கு ஒன்றுதான். வட்ஸ்அப் அழைப்பு போன்ற அவசரமானவை இந்தக் காவலைத் தாண்டி வருவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் சில கம்பனிகள் இதற்கும் மேலாகத் தங்கள் சொந்தக் காவலைப் போட்டிருக்கின்றன. பற்றரி இரண்டு நாள் நிற்கும் என்று விளம்பரம் செய்வதற்கு அது உதவும் போலும். ஒன்றரை மணிக்கு அழைப்புக்குக் காத்திருக்கும் அம்மாமாரை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அம்மாவின் போனில் அப்படி மூன்று காவல்கள் இருந்தன.

செற்றிங்ஸுக்குள் பற்றரி என்ற பகுதிக்குள் போனால், இரவில் போன் பாவிக்காத நேரத்தைத் தானே கண்டுபிடித்து இணைப்பை நிறுத்தும் ஒரு சுவிச் இருந்தது. கடையிலிருந்து வரும்போதே போடப்பட்டு வந்தது. அதை நிறுத்தினோம். இதன் பெயர் போனுக்குப் போன் வேறு. பழைய அன்ரொய்ட் போன்களில் வைஃபை பகுதிக்குள்ளேயே, 'அட்வான்ஸ்ட்' என்பதன் கீழ், நித்திரையிலும் வைஃபையை வைத்திருக்கவா என்ற கேள்வி இருக்கும். 'ஓல்வேய்ஸ்' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். புதிய போன்களில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, வட்ஸ்அப்புக்கும் இமோவுக்கும் போடப்பட்டிருந்த கட்டுப்பாடு. செற்றிங்ஸில் அப்ஸ் என்பதற்குள் போய், வட்ஸ்அப்பைத் திறந்து, அதன் பற்றரிப் பகுதியைப் பார்த்தால் மூன்று தெரிவுகள் இருக்கும். அதில் 'அன்ரெஸ்ரிக்ரெட்' என்பதைப் போட வேண்டும். சற்றுப் பழைய போன்களில் 'டோன்ட் ஒப்ரிமைஸ்' என்று இருக்கும். சம்சுங் போன்களில் நித்திரை கொள்ளும் செயலிகள் என்று ஒரு பட்டியலே தனியாக உண்டு. அதில் வட்ஸ்அப்பின் பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். சியோமி போன்களில் 'ஓட்டோஸ்ரார்ட்' என்ற இடத்தில் அதற்கு அனுமதி கொடுங்கள். போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குச் சொற்கள் வேறாக இருந்தாலும் இடம் ஏறக்குறைய இதுதான். எல்லாச் செயலிகளுக்கும் இப்படித் திறந்துவிட வேண்டாம், பற்றரி விடியும்வரை நிற்காது. அழைப்பு வருகின்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் போதும்.

மூன்றாவது, போனைத் துப்புரவாக்கித் தருகிறோம் என்று விளம்பரத்தோடு வரும் ஒரு செயலி. யாரோ ஒரு பிள்ளை விளையாடும்போது இறங்கியிருக்க வேண்டும். இப்படியானவை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் வட்ஸ்அப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதை அடியோடு அழித்தோம். அப்படியான செயலி போனுக்குத் தேவையே இல்லை என்பது எனது அபிப்பிராயம்.

அன்றிரவு நான் அனுப்பியவை பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் சரியாகச் சேர்ந்தன. மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் மறுபடி விட்டுப்போய்விட்டது. இந்தமுறை வேறு மாதிரி. பகலிலும், அம்மாவின் அறைக்குள் மட்டும், விட்டுவிட்டு வந்தது.

எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சீமெந்துக்கல் வீடு. ரவுட்டர் சிம் போடும் வகை. கோபுரத்திலிருந்து சமிக்ஞை நன்றாகக் கிடைப்பதற்காக முன் யன்னலில் வைத்திருக்கிறோம். அம்மாவின் கட்டில் பின்னறையில். இடையில் இரண்டு சுவர். அந்த ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை கொடுக்கிறது. ஒன்றின் முடிவில் 5ஜி என்றிருக்கும். புதிதாக வந்த ஐந்தாம் தலைமுறை என்று நினைத்து எல்லோரும் அதில்தான் இணைந்திருந்தார்கள். அது வேறு, இது வேறு. இங்கே 5 என்பது அலையின் வகை. வேகம் கூட, ஆனால் சுவரைத் தாண்டும்போது களைத்துவிடும். மற்றப் பெயரில் வருவது 2.4 என்ற வகை, மெதுவானது, சுவருக்குள்ளால் நன்றாகப் போகும். குரல் அழைப்புக்கு அந்த வேகம் தாராளம். அம்மாவின் போனில் 5ஜி என்று முடியும் பெயரை 'ஃபொர்கெற்' கொடுத்து மறக்கச் செய்துவிட்டு, மற்றதை மட்டும் வைத்தோம். மறக்கச் செய்யாவிட்டால் போன் இரண்டுக்கும் இடையில் மாறிமாறி ஓடும். அப்படி மாறும் இடைவெளியில் அழைப்பு வந்தால் போச்சு.

வைஃபை பலவீனமாகும்போது தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் தெரிவும் பல போன்களில் உண்டு. அதை நாங்கள் நிறுத்தினோம், காரணம் காசு. இரவில் வைஃபை அறுந்ததும் போன் சிம்மிலிருந்த டேட்டாவைப் பிடித்து, செயலிகளைப் புதுப்பிக்கிறேன் என்று விடியுமுன் ரீலோட் முழுவதையும் குடித்துவிட்டிருந்தது. இரண்டு தடவை அப்படிப் போயிற்று. ஆனால் டேட்டாவுக்கு வசதியுள்ளவர்கள் அந்தத் தெரிவைப் போட்டே வைத்திருக்கலாம். வைஃபை விட்டாலும் அழைப்பு சிம்மால் வரும்.

இவ்வளவும் செய்தும் சரிவராவிட்டால் 'ரீசெற்' என்று ஒரு பகுதி இருக்கிறது. இங்கே கவனம் வேண்டும். அதற்குள் நெற்வேர்க் செற்றிங்ஸை மட்டும் திருப்பி அமைக்கும் தெரிவு ஒன்று. அது வைஃபை கடவுச்சொற்கள், புளூரூத் இணைப்புகள் போன்ற நெற்வேர்க் அமைப்புகளைத்தான் மறக்கும். படம், குரல், தொலைபேசி இலக்கம் எதையும் தொடாது. அதே பகுதியில் இன்னொன்று, 'ஃபக்ரறி' என்ற சொல்லுடனோ, 'எல்லாவற்றையும் அழி' என்ற பொருளிலோ இருக்கும். கடைத் தம்பி சொன்னதும் இந்த மாதிரி வேலைதான். எல்லாவற்றையும் பிரதி எடுக்கும்வரை அதை யாரையும் தொடவிட வேண்டாம்.

மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், ரவுட்டருக்கென்றே சிறிய பற்றரிப் பெட்டிகள் கடைகளுக்கு வந்தன. எங்களிடமும் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு நிமிடம் கரண்ட் போய்வந்தாலே ரவுட்டர் அணைந்து மறுபடி எழும்பப் பல நிமிடம் பிடிக்கும். நல்ல நித்திரையிலிருக்கும் போன் அந்த ரவுட்டரைத் திரும்பத் தேடுவதற்கு இன்னும் கூட நேரம் எடுக்கலாம். அந்தப் பெட்டி இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

தங்கச்சியுடன் இப்போது வேறோர் ஏற்பாடும் வைத்திருக்கிறோம். ஒன்றரைக்கு அம்மா எடுக்காவிட்டால் எனது போனுக்கு எடுப்பாள். அதுவும் இல்லையென்றால் குரற்செய்தி ஒன்றை விட்டுவிட்டுப் படுப்பாள். இணைப்பு வந்ததும் அது தானாக வந்து சேரும். வீடு மாறும் கதை ஏதும் வந்தால் முதல் நாளே புது வீட்டின் அமைவிடத்தை வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். அவளது கடவுச்சீட்டு இலக்கம், முகவர் நிலையத்தின் பெயர், ஒப்பந்தத்தின் படம் மூன்றும் எனது போனிலும் மகனின் போனிலும் இருக்கின்றன. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை அம்மாவின் போனில் 'ஆ' என்ற எழுத்தில் சேமித்தோம், ஆபத்து என்று. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏன் மோனை அப்பிடி ஒரு பேர்?" என்றார். 'பணியகம்' என்று மாற்றினோம்.

இந்த விடயம் தெரியவந்த பிறகு பலர் தங்கள் போன்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு மாமியின் போனில் இணைப்பு அறவே இல்லை என்று நினைத்திருந்தோம். பார்த்தால் செய்தி எல்லாம் நேரத்துக்குச் சேர்ந்திருக்கிறது. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை தொந்தரவு வேண்டாம் என்ற தெரிவு போடப்பட்டு, மணி மட்டும் அடிக்காமல் இருந்திருக்கிறது. பிறை நிலா போன்ற ஓர் அடையாளம் மேலே தெரியும். அதை நிறுத்த இரண்டு நிமிடமும் பிடிக்கவில்லை.

பக்கத்து வளவு அக்காவின் போன்தான் இன்னும் பிடிபடவில்லை. மகன் கத்தாரில். சார்ஜரில் போட்டாலும் அறுகிறது, அடுத்த வீட்டு ரவுட்டரிலும் அறுகிறது. போன் ஏழெட்டு வருடம் பழையது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, படங்களை மெமரி கார்ட்டில் எடுத்து முடிந்ததும், நெற்வேர்க் செற்றிங்ஸை மட்டும் திருப்பி அமைத்துப் பார்க்கப் போகிறோம். அதுவரை அவவின் மகன் இரவில் எனது போனுக்கு எடுக்கிறான். நான் வேலியடியில் போய்க் கூப்பிடுகிறேன்.